சொட்டு மருந்துக்கு அடங்காத கண்ணீர்ப்பைச் சீழ்

என் பெரியம்மாவுக்கு இடது கண்ணில் மட்டும் மூன்று வருடமாக நீர் வடிந்துகொண்டிருந்தது. வலி கிடையாது. கண் சிவப்பதும் எப்போதாவதுதான். காலையில் எழுந்தால் மூக்கோரத்து இமை பீளையில் ஒட்டிக் கிடக்கும். பகலெல்லாம் முந்தானை நுனியால் ஒற்றிக்கொண்டே வேலை பார்ப்பார். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை விட்டால் நாலைந்து நாள் நிற்கும், அப்புறம் பழையபடி வடியும். "வயசானா கண்ணு ஒழுகத்தான் செய்யும்" என்று அவரே அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார்.

கண்புரைக்காகக் கண் மருத்துவரிடம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த மருத்துவர் அம்மா புரையைப் பார்ப்பதற்கு முன்னால், கண்ணும் மூக்கும் சேரும் மூலையில் விரலை வைத்து மெல்ல அழுத்தினார். இமை விளிம்பிலிருந்து மஞ்சள் கலந்த வெள்ளைச் சீழ் மேலே வந்தது. "கண்ணீர்ப்பையில சீழ் கட்டியிருக்கும்மா. முதல்ல இதைச் சரிபண்ணணும், அதுக்கப்புறம்தான் புரை ஆபரேஷன்" என்றார். பெரியம்மாவுக்கு வந்ததே கோபம். "கண்ணு தெரியலைன்னு வந்தா மூக்குப் பக்கம் ஆபரேஷன்ங்கிறாங்களே, எதுக்குடி இது?" என்று என்னைத்தான் கேட்டார்.

நான் பல வருடம் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். கிருமிக்கு இரையான கூழ் நிரப்பிய சின்னத் தட்டில் சீழை வளர்த்து, என்ன கிருமி என்று எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. அப்படிப்பட்ட நான், என் வீட்டிலேயே மூன்று வருடம் ஒழுகிய கண்ணைக் கவனிக்காமல் விட்டேன். அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. அவருக்குச் சொன்னதையே இன்னும் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

கண்ணீர் போகும் வழி

கண்ணீர் அழும்போது மட்டும் வருவதில்லை. மேல் இமைக்கு உள்ளே, காதுப் பக்கமாக உள்ள சுரப்பி ஓயாமல் கண்ணீரைச் சுரக்கிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோலிட்டர், அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் அது விழிமேல் பரவி, மூக்கோரத்துக்கு ஒதுங்குகிறது. கண்ணாடி முன்னால் நின்று கீழ் இமையின் மூக்குப்பக்க விளிம்பைச் சற்றே வெளியே இழுத்துப் பாருங்கள். குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை தெரியும். மேல் இமையிலும் அப்படி ஒன்று உண்டு. கண்ணீர் வடிகிற வாய் இந்த இரண்டும்தான்.

இரண்டிலிருந்தும் நூல் போன்ற குழாய் ஒவ்வொன்று, பத்து மில்லிமீட்டர் நீளத்துக்கு, உள்ளே போகிறது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து, மூக்கெலும்பை ஒட்டிய ஒரு குழியில் இருக்கும் சின்னப் பையில் திறக்கின்றன. இதுதான் கண்ணீர்ப்பை. நீளம் 12 முதல் 15 மில்லிமீட்டர், அவ்வளவுதான். பையின் அடியிலிருந்து எலும்புக்குள் ஒரு குழாய் இறங்கி மூக்குக்குள் திறக்கிறது. அழுதால் மூக்கு ஒழுகுவதும், கண்ணில் விட்ட சொட்டு மருந்து தொண்டையில் கசப்பதும் இதனால்தான். சிமிட்டும்போது இமையின் தசை இந்தப் பையை அமுக்கி விரிக்கிறது. அது ஒரு குட்டிப் பம்பு போல வேலை செய்து கண்ணீரைக் கீழே இறக்குகிறது.

பெரியவர்களுக்கு அடைப்பு பெரும்பாலும் பைக்குக் கீழே, எலும்புக்குள் இறங்கும் அந்தக் குழாயில்தான் விழுகிறது. மேலே வாய் திறந்திருக்கிறது, கீழே மடை அடைத்திருக்கிறது. கண்மாயில் மடை அடைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் முதலில் தேங்கும், பிறகு பாசி பிடிக்கும், கடைசியில் நாறும். பையிலும் அதேதான் நடக்கிறது. தேங்கிய கண்ணீரோடு பையின் உள்தோல் சுரக்கும் சளியும், உதிர்ந்த செல்களும் சேர்ந்து கெட்டியாகின்றன. உடல் வெப்பம், ஈரம், இரை மூன்றும் கிருமிக்கு ஒரே இடத்தில் கிடைக்கின்றன.

நாற்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் இது ஆண்களைவிட அதிகம் வருகிறது. எலும்புக்குள் போகும் அந்தக் கால்வாய் பெண்களுக்குக் கொஞ்சம் குறுகலாக இருப்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. குழாயின் உள்தோல் வீங்கி, வடுவாகி, மெல்ல மெல்லச் சுருங்கி அடைத்துக்கொள்கிறது. வேறு காரணங்களும் உண்டு: பழைய மூக்கெலும்பு முறிவு, மூக்குக்குள் வளரும் சதை, நாள்பட்ட சைனஸ் தொல்லை, தைராய்டு புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின், டோசிடாக்சல் போன்ற சில புற்றுநோய் மருந்துகள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அடைப்பு முதலில் வந்து கிருமி பிறகு குடியேறியதா, கிருமி முதலில் வந்து உள்தோலைப் புண்ணாக்கியதால் அடைத்ததா? இரண்டுமே நடக்கலாம். மூக்கிலிருந்தோ கண்ணிலிருந்தோ வரும் சின்னத் தொற்று உள்தோலை வீங்க வைக்கிறது, வீக்கத்தால் நீர் தேங்குகிறது, தேக்கத்தில் கிருமி பெருகுகிறது, பெருகியது மறுபடி வீங்க வைக்கிறது. சில சுற்றுகளுக்குப் பிறகு வீக்கம் வடுவாக உறைந்துவிடுகிறது. வடுவை எந்த மருந்தும் கரைக்காது. பெரியம்மாவின் மூன்று வருடச் சொட்டு மருந்து ஏன் தோற்றது என்பதற்கான பாதி பதில் இது. மீதிப் பாதி கிருமிகளிடம் இருக்கிறது.

கண்ணீரையே ஏமாற்றும் கிருமிகள்

ஓடுகிற கண்ணீர் நல்ல காவல்காரன். 1922-இல் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங், பென்சிலினைக் கண்டுபிடிப்பதற்கு ஆறு வருடம் முன்னால், லைசோசைம் என்ற பொருளைப் பற்றி எழுதினார். மூக்குச் சளியில் முதலில் அதைப் பார்த்தவர், பிறகு கண்ணீரில் அது தாராளமாக இருப்பதைக் கண்டார். கண்ணீர் சேகரிக்க, ஆய்வகத்தில் கூட வேலை பார்த்தவர்களின் கண்ணில் எலுமிச்சைச் சாறு விட்டார் என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒரு சொட்டுக் கண்ணீரைக் கலங்கலான கிருமிக் கரைசலில் விட்டதும் கரைசல் தெளிந்துவிட்டது. கிருமியின் செல்சுவரையே லைசோசைம் அறுத்துவிடுகிறது.

ஆனால் எல்லாக் கிருமியும் அதற்கு அடங்கவில்லை. மனிதனுக்கு நோய் தரும் கிருமிகள் பலவும் தப்பித்துக்கொண்டதை ஃபிளெமிங்கே கவனித்திருந்தார். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தன் செல்சுவரில் சின்ன வேதி மாற்றம் செய்துகொண்டு லைசோசைமுக்குப் பிடிகொடுக்காமல் இருக்கிறது என்பது பின்னாளில் தெரிந்தது. ஆக, கண்ணீர் ஓடும்போது கிருமியை அடித்துக்கொண்டு போவதுதான் பெரிய பாதுகாப்பு. ஓட்டம் நின்றால், லைசோசைமுக்கு அடங்காதவை எல்லாம் பையில் தங்கிவிடுகின்றன.

சரி, யார் யார் அங்கே இருக்கிறார்கள்?

ஆய்வகத்தில் நாங்கள் முதலில் செய்வது கிராம் சாயம். டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் வெளியிட்ட முறை. சீழைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, ஊதாச் சாயம் ஊற்றி, ஆல்கஹாலால் கழுவி, சிவப்புச் சாயம் ஊற்றுவோம். தடித்த செல்சுவர் உள்ளவை ஊதாவைப் பிடித்துக்கொள்ளும். இவை கிராம் பாசிட்டிவ். மெல்லிய சுவரும் அதற்கு வெளியே இன்னொரு உறையும் உள்ளவை ஊதாவை விட்டுவிட்டு இளஞ்சிவப்பாகத் தெரியும். இவை கிராம் நெகட்டிவ். பத்து நிமிட வேலைதான், ஆனாலும் எந்த வகை மருந்து பலிக்கும் என்பதற்கு முதல் துப்பு இதில் கிடைத்துவிடும்.

நாள்பட்ட கண்ணீர்ப்பைச் சீழில் பெரும்பாலும் ஊதா நிறம்தான் அதிகம் தெரியும். அதிலும் முன்னால் நிற்பது ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸும் அதன் நெருங்கிய உறவுக் கிருமிகளும். நுண்ணோக்கியில் திராட்சைக் குலை மாதிரி கூட்டம் கூட்டமாக இருக்கும். 'ஸ்டஃபில்' என்றால் கிரேக்கத்தில் திராட்சைக் குலை. அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் 1880-களின் தொடக்கத்தில் வைத்த பெயர் அது. 2008-இல் வெளியான திருநெல்வேலி ஆய்வு ஒன்று 1,800-க்கும் மேற்பட்ட கண்ணீர்ப்பைத் தொற்று நோயாளிகளைப் பார்த்தது. அவர்களில் பெரும்பான்மையினருக்கு நாள்பட்ட வகைதான். அந்த வகையில் முதலிடம் எபிடெர்மிடிஸ் கூட்டத்துக்கு. திடீரென்று வீங்கிச் சிவந்து வலிக்கும் வகையிலோ முதலிடம் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு.

எனக்கு எபிடெர்மிடிஸ்தான் இவர்களில் மிகவும் சுவாரசியமான ஆள். பெயரிலேயே தோல் இருக்கிறது. உங்கள் தோலிலும் என் தோலிலும், இமை விளிம்பிலும், நல்ல கண்ணின் வெண்படலத்திலும் அது எப்போதும் இருக்கிறது. பொதுவாக யாருக்கும் தீங்கு செய்வதில்லை. அப்படியானால் சீழில் அது வளர்ந்தால் என்ன அர்த்தம்? நோய்க்கு அதுதான் காரணமா, இல்லை பஞ்சுக்குச்சி இமையில் பட்டபோது ஒட்டிக்கொண்டு வந்ததா? என் வேலையில் அடிக்கடி என்னைத் தடுமாற வைத்த கேள்வி இது. ஒரு தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு புள்ளி வளர்ந்தால் அது இமைத் தோலிலிருந்து வந்திருக்கலாம் என்று எழுதுவோம். தட்டு முழுக்க நிரம்பி வளர்ந்து, சாயமிட்ட சில்லிலும் சீழ் செல்களுக்கு நடுவே அதே குலைகள் தெரிந்தால், அதைத் தள்ளிவிட முடியாது.

தேங்கிய பையில் அது தன் குணத்தை மாற்றிக்கொள்கிறது. பிசுபிசுப்பான ஒரு படலத்தைச் சுரந்து, அதற்குள் கூட்டமாகப் புதைந்துகொள்கிறது. குடத்துக்குள் நாள்பட்டுப் படியும் வழவழப்பைக் கையால் தடவியிருப்பீர்கள், அதுவும் இப்படிப்பட்ட படலம்தான். இதற்குள் இருக்கும் கிருமியை மருந்து எளிதில் எட்டாது. எட்டினாலும், உள்ளே சோம்பிக் கிடக்கும் கிருமிகள்மேல் சரியாக வேலை செய்யாது. மேலே மிதப்பவை செத்துப்போகும், நாலு நாள் பீளை குறையும். படலத்துக்குள் இருந்தவை மறுபடி கிளம்பும். பெரியம்மாவின் நாலைந்து நாள் கணக்கு இதுதான்.

அடுத்தது ஆரியஸ். தட்டில் பொன்னிறமாக வளர்வதால் அந்தப் பெயர். மூக்கின் முன்பகுதியில் பலருக்குச் சத்தமில்லாமல் இருக்கும், அங்கிருந்து கண்ணுக்கு ஒரு விரல் தூரம்தான். திசுவைக் கரைக்கும் நொதிகளும் நச்சுகளும் இதனிடம் உண்டு. அமைதியாக இருக்கும் பை ஒரே இரவில் வீங்கி, சிவந்து, தொட முடியாத வலி தரும் கட்டியாக மாறினால் பெரும்பாலும் இது அல்லது இதைப் போன்ற ஒன்றின் வேலை. வழக்கமான பென்சிலின் வகை மருந்துகளுக்கு அடங்காத ஆரியஸ் வகையும் சீழில் வளர்வதுண்டு. பரிசோதிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு மருந்து கொடுப்பதில் உள்ள சிக்கலுக்கு அது ஒரு நல்ல உதாரணம்.

நிமோகாக்கஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே எண்ணிக்கையில் பின்னால் இருந்தாலும் ஆபத்தில் முன்னால். இதைப் பற்றி அப்புறம் தனியாகச் சொல்கிறேன். கோரினிபாக்டீரியம் என்ற குச்சி வடிவக் கிருமிகளும் அடிக்கடி வளரும். இவையும் எபிடெர்மிடிஸ் போலத் தோலின் பழைய குடிகள்தான்.

இளஞ்சிவப்புப் பக்கத்தில் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சே இருக்கிறது. 1892-இல் ரிச்சர்ட் ஃபைஃபர் இதுதான் ஃபுளு காய்ச்சலுக்குக் காரணம் என்று நினைத்ததால் வந்த பெயர். ஃபுளு ஒரு வைரஸ் நோய் என்பது 1933-இல் உறுதியாகியும் பெயர் மட்டும் தங்கிவிட்டது. மூக்கு, தொண்டைப் பக்கத்துக் கிருமி இது. சாதாரணத் தட்டில் வளராது. இரத்தத்தைச் சூடாக்கிக் கலந்து, சாக்லேட் நிறமாக மாறும் தட்டு வேண்டும். அந்தத் தட்டு போடாத ஆய்வகத்தில் 'கிருமி வளரவில்லை' என்று அறிக்கை வந்துவிடும்.

சூடோமோனாஸ் ஏருஜினோசா நான் பயப்படும் கிருமி. தட்டில் பச்சை கலந்த நிறமும் திராட்சைச் சாறு போன்ற ஒரு வாசனையும் வரும், தட்டைத் திறந்ததுமே தெரிந்துவிடும். ஈரம் இருக்கும் எந்த இடத்திலும் பிழைக்கும், திறந்து பலநாள் ஆன சொட்டு மருந்துப் புட்டியிலும்கூட. பல மருந்துகளை இயல்பாகவே உள்ளே விடாது, விட்டாலும் வெளியே தள்ளிவிடும். இவற்றோடு கிளெப்சியெல்லா, ஈ. கோலை, புரோட்டியஸ், என்டெரோபாக்டர் போன்ற குடல் பக்கத்துக் கிருமிகளும் வருகின்றன, முதியவர்களிடமும் நீரிழிவுக்காரர்களிடமும் குறிப்பாக. ஒரே பையில் இரண்டு மூன்று வகை சேர்ந்து வளர்வதும் வழக்கமானதுதான்.

காற்றே பிடிக்காத கிருமிகளும் உண்டு. மூடிய பையில் ஆக்சிஜன் குறைவு என்பதால் கியூட்டிபாக்டீரியம், பெப்டோஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஃபியூசோபாக்டீரியம் போன்றவை அங்கே நன்றாக வாழும். சாதாரணப் பஞ்சுக்குச்சியில் எடுத்து, வெயிலில் இரண்டு மணி நேரம் பைக்கில் கொண்டுவந்தால் இவை வழியிலேயே செத்துவிடும். சீழ் நாற்றமடித்தும் தட்டில் ஒன்றும் வளராவிட்டால் இவைமேல்தான் எனக்குச் சந்தேகம் போகும். ஆக்டினோமைசிஸ் இஸ்ரேலி என்ற இழை வடிவக் கிருமி பையைவிட, பைக்கு மேலே உள்ள நூல் குழாய்களில் தங்குவதையே விரும்பும். அழுத்தினால் மஞ்சள் குருணை போன்ற துணுக்குகள் வரும். இமைத் துளை வீங்கிப் பிதுங்கியிருக்கும். இது வளர இரண்டு வாரம்கூட ஆகலாம் என்பதால், குருணை இருந்தது என்று மருத்துவர் ஒரு வரி எழுதி அனுப்பினால் ஆய்வகத்துக்குப் பேருதவி. காசநோய்க் கிருமி கண்ணீர்ப்பைக்கு வருவது அபூர்வம், ஆனால் வராமல் இல்லை.

பாக்டீரியா அல்லாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது நம் பக்கத்து நோய். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளிலும் இலங்கையிலும் காணப்படும் ரைனோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிர் கண்ணீர்ப்பையையும் பிடிக்கும். கண்மாயிலும் ஊருணியிலும் குளிப்பதோடு அதைத் தொடர்புபடுத்துகிறார்கள். கண்ணீரில் இரத்தம் கலந்து வரும், பை பஞ்சு போல மெத்தென்று வீங்கியிருக்கும். அதற்கு ஆன்டிபயாடிக் பலிக்காது. இரத்தம் கலந்த கண்ணீர் வேறு சில நேரம் பையில் வளரும் புற்றுக்கட்டியின் அறிகுறியாகவும் இருக்கலாம். அதனால் இரத்தத்தைக் கண்டால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

வலிக்காத சீழுக்கு ஏன் பயப்பட வேண்டும்

பெரியம்மா கேட்டது இதைத்தான்: "வலிக்கவே இல்லையே, இருந்துட்டுப் போகட்டுமே?"

இருக்க விடக்கூடாததற்கு முதல் காரணம் கருவிழி. நலமாக உள்ள கருவிழியின் மேல்தோலை நிமோகாக்கஸால் எளிதில் துளைக்க முடியாது. ஆனால் ஒரு கீறல் விழுந்துவிட்டால் போதும். கதிரடிக்கும்போது தெறிக்கும் நெல் உமி, கரும்புத் தோகை, மாட்டு வால் முடி எது உரசினாலும் கீறல் விழும். மற்றவர்களுக்கு அந்தக் கீறல் இரண்டு நாளில் ஆறிவிடும். கண்ணீர்ப்பையில் நிமோகாக்கஸ் உள்ளவருக்கு, சிமிட்டும் ஒவ்வொரு தடவையும் கிருமி மேலே வந்து கீறலில் படுகிறது. ஒரு ஓரத்தில் ஆறிக்கொண்டே மறு ஓரத்தில் பரவும் புண்ணாக அது மாறி, கருவிழிக்குப் பின்னால் சீழ் மட்டம் கட்டி, ஓட்டைகூடப் போட்டுவிடும். 1994-இன் முதல் மூன்று மாதங்களில் மதுரையில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆட்களுக்குக் கண்ணில் அடிபட்டதே தொடக்கம். வளர்ந்த பாக்டீரியாக்களில் முதலிடம் நிமோகாக்கஸுக்கு. நூற்றில் 44. அத்தனை பேருக்கும் கண்ணீர்ப்பை நோய் இருந்தது என்று அர்த்தமில்லை. ஆனால் வயலில் வேலை செய்யும் ஒருவர் சீழ்ப்பையோடு இருப்பது எவ்வளவு ஆபத்து என்பது இதிலிருந்து புரியும்.

இரண்டாவது, கண்புரை அறுவை. விழியின் உட்புறம் கிருமியே இல்லாத இடம். அங்கே கிருமியைத் தடுக்கும் ஆட்களும் குறைவு. சின்ன வெட்டு வழியே லென்ஸ் வைக்கும்போது பையிலிருந்து சீழ் மேலே வந்தால் நேராக உள்ளே போய்விடும். அமெரிக்காவில் 1995-இல் முடிவு வெளியான ஒரு பெரிய ஆய்வில், புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் தொற்று வந்தவர்களிடமிருந்து கிருமி வளர்த்துப் பார்த்தார்கள். வளர்ந்தவற்றில் 70 சதவீதம் அந்த 'சாது'வான எபிடெர்மிடிஸ் கூட்டம். 1991-இல் வந்த இன்னொரு ஆய்வு, அப்படித் தொற்று வந்த 17 பேரில் 14 பேருக்குக் கண்ணுக்குள் இருந்த கிருமியும் அவர்களுடைய இமையிலோ வெண்படலத்திலோ மூக்கிலோ இருந்த கிருமியும் மரபணு அளவில் ஒன்றே என்று காட்டியது. வெளியே இருக்கும்வரை தோலின் பழைய குடி, உள்ளே போனால் பார்வையைப் பறிக்கும் கிருமி. நம் ஊர் இலவசக் கண் முகாம்களில்கூட, புரை அறுவைக்கு முன்னால் மூக்கோரத்தை அழுத்திப் பார்த்து, கண்ணீர்க் குழாயில் ஊசிக்குழலால் தண்ணீர் விட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். தண்ணீர் தொண்டைக்கு இறங்கினால் வழி திறந்திருக்கிறது. சீழோடு மேல் துளை வழியாகத் திரும்பி வந்தால் கீழே அடைப்பு.

பையே திடீரென்று பழுத்து முகம் வரை வீங்குவது மூன்றாவது ஆபத்து. காய்ச்சலோ, கண்ணை அசைக்க முடியாத வலியோ, பார்வை மங்கலோ சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த நிலையில் தண்ணீர் விட்டுப் பார்ப்பதும் கூடாது, வீட்டில் அழுத்திப் பார்ப்பதும் கூடாது.

இதை மெட்ராஸ் ஐ என்று நினைத்துக்கொள்பவர்கள் பலர். மெட்ராஸ் ஐ வைரஸால் வருவது. பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கி மற்றதுக்கும் போகும், வீட்டில் நாலு பேருக்குப் பரவும், ஓரிரு வாரத்தில் அடங்கும். ஒரே கண்ணில் மாதக்கணக்காக நீரும் பீளையும் என்றால் அது வேறு விஷயம்.

மருந்து எதற்கு, அறுவை எதற்கு

ஆன்டிபயாடிக் வீண் என்று நான் சொல்லவில்லை. திடீரெனப் பழுத்த பைக்கு அதுதான் முதல் மருத்துவம். அறுவைக்கு முன்னும் பின்னும் கிருமி எண்ணிக்கையைக் குறைக்கவும் அது தேவை. எந்த மருந்து என்பதைத்தான் சீழ்ப் பரிசோதனை சொல்லும். கிருமி பரவிய தட்டின்மேல் மருந்து தோய்த்த சின்ன வட்டத் தாள்களை வைப்போம். மறுநாள் எந்தத் தாளைச் சுற்றிக் கிருமி வளராமல் வெற்று வட்டம் இருக்கிறதோ, அந்த மருந்து பலிக்கும். சாதாரண நாள்பட்ட அடைப்புக்கு எல்லா மருத்துவர்களும் பரிசோதனைக்கு அனுப்புவதில்லை. அறுவைதான் தீர்வு என்பதால் அது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் அடிக்கடி பழுப்பவர், நீரிழிவுக்காரர், பல மருந்துகள் விட்டும் அடங்காதவர் என்றால் அனுப்புவதே நல்லது என்பது என் எண்ணம். சீழ் எடுக்கும் நாளுக்கு முன்னால் சொட்டு மருந்தை நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாதி மருந்தில் எடுத்த சீழில் பல நேரம் எதுவும் வளராது.

கடையில் தானாக வாங்கும் சொட்டு மருந்தில் இன்னொரு தொல்லை: சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். சிவப்பு சட்டென்று குறைவதால் நல்ல மருந்து என்று தோன்றும். மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறும், கருவிழிப் புண் இருந்தால் மோசமாகும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடுவதும் வேண்டாம்.

அடைப்புக்கு மருத்துவமனைகளில் டி.சி.ஆர். என்று சொல்லும் அறுவை இருக்கிறது. இத்தாலியரான அடியோ டோட்டி 1904-இல் விவரித்தது. அடைத்த குழாயைத் தோண்டித் திறப்பதில்லை. பைக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள மெல்லிய எலும்பில் ஒரு சன்னல் திறந்து, பையை நேராக மூக்கோடு இணைத்துவிடுகிறார்கள். பழைய மடையை விட்டுவிட்டுப் புது மடை வைப்பது மாதிரி. மூக்கோரத்தில் சிறு வெட்டு வைத்தும் செய்யலாம், மூக்குக்குள் எண்டோஸ்கோப் விட்டுத் தழும்பில்லாமலும் செய்யலாம். ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்குப் பலன் கிடைக்கிறது. மிகவும் முதிர்ந்த, கண் ஏற்கனவே வறண்ட சிலருக்குப் பையையே எடுத்துவிடுவதும் உண்டு. அவர்களுக்குச் சீழ் நிற்கும், நீர் வடிவது கொஞ்சம் தொடரலாம்.

பெரியம்மாவின் சீழில் எபிடெர்மிடிஸ் தட்டு நிறைய வளர்ந்தது, கூடவே கொஞ்சம் கிளெப்சியெல்லாவும். அவர் விட்டுக்கொண்டிருந்த மருந்துத் தாளைச் சுற்றி வெற்று வட்டமே இல்லை. அந்தத் தட்டைப் படம் எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத்தனையும் என் கண்ணுக்குள்ளயா இருந்துச்சு?" என்றார். அடுத்த வாரமே டி.சி.ஆர். செய்தார்கள். புண் ஆறி, தண்ணீர் விட்டுப் பார்த்தபோது தொண்டைக்கு இறங்கியது. அதற்கப்புறம்தான் புரை அறுவைக்குத் தேதி கொடுத்தார்கள்.